பெயர் போடாத நோட்டீஸ்

சேசு மரி சூசை

முதலியார்பேட்டை, புதுச்சேரி
8 ஜூலை 2024

பாசமுள்ள தனிஸ்லாஸ் மாமாவுக்கு மச்சினி ஜூலி தோத்திரம் சொல்லி எழுதுவது.

நானும் உங்கள் சகலை ஆரோக்கியமும் நலம். நலம் என்று எழுதாமல் கடிதம் நகராதே, அதனால் எழுதினேன். அவர் காலைப் பற்றிக் கீழே வருகிறது. உங்கள் பிரஷர் எப்படி, காது எப்படி? காதுக்கு மிஷின் வாங்கிக் கொடுத்தோமே, அது உங்கள் காதில் இருக்கிறதா, இல்லை அலமாரியில் இருந்துகொண்டு அலமாரிக்கு நன்றாகக் கேட்கிறதா? போன் போட்டால் "யாரு? யாரு?" என்று கத்திவிட்டு நீங்களே வைத்துவிடுகிறீர்கள். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் உங்களால் பேனா பிடிக்கிறேன். நீங்கள் புதுச்சேரி கோர்ட்டில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்த கிரெஃப்பியே துரை. என் தப்பையெல்லாம் போன தடவை மாதிரி சிவப்பு மையில் திருத்தி அனுப்ப வேண்டாம். அதைத் தெருவே படித்துச் சிரித்தது.

விஷயம் இதுதான். சர்க்கரையால் ஏப்ரலில் இவர் இடது காலில் ரெண்டு விரலை எடுத்துவிட்டார்கள். இனி கிளட்ச் மிதிக்கக் கூடாதாம். "விரல் போனா என்னா, குதிகாலால மிதிப்பேன்" என்கிறார். "அந்தக் குதிகாலால என்னை மிதிக்காம இருந்தா சரி" என்றேன். கடைசியில் காரை விற்பது என்று முடிவாகியது. கார் என் பெயரில் இருப்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பணத்தில், எங்கள் தெருமுனையில் கண்ணகி நடத்துகிற இட்லி மாவுக் கடையை கிரைண்டரோடு எடுத்துக்கொள்ளப் பேசியிருக்கிறேன். அவள் மகளோடு சென்னைக்குப் போகிறாள். "செப்டம்பர் முப்பது வரைக்கும் உனக்கோசரம் வச்சிருப்பேன் ஜூலி, அப்புறம் யார் வந்தாலும் குடுத்துருவேன்" என்று சொல்லிவிட்டாள்.

மே மாசம் ஒரு ஆள் வந்து ஓட்டிப் பார்த்து, ரெண்டு லட்சத்து நாற்பதாயிரம் என்று பேசி, இருபத்தைந்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்து, ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். ஜூன் முப்பதுக்குள் மீதி. அதை நம்பி அப்புறம் வந்த மூன்று பேரைத் திருப்பி அனுப்பினேன். இப்போது "என்னால வாங்க முடியாது, மன்னிச்சிடு" என்று ஒரு மெசேஜ். அதோடு போன் அணைந்துவிட்டது.

கார் வாசலில் நிற்கிறது. வெங்காயம் நறுக்கும்போதுகூடப் பாதியில் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். யார் ஹாரன் அடித்தாலும் ஓடுகிறேன். பார்த்தால் பால்காரர். உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. இதற்குச் சட்டத்தில் என்ன வழி மாமா? விவரமாக எழுதுங்கள், ஆனால் எனக்குப் புரிகிற மாதிரி.

உங்கள் பதிலுக்கும் ஆசீருக்கும் வாசலைப் பார்த்தபடி,
ஜூலி

---

காரைக்கால்
16 ஜூலை 2024

அன்புள்ள ஜூலிக்கு ஆசீர்.

நான் நலம். காது பற்றிக் கேட்க வேண்டாம். ஆரோக்கியத்தின் காலைத் தினமும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்துத் துடைக்கவும்.

உன் பிரச்சினைக்கு மூன்று வழிகள் உண்டு. எழுத்தில் ஒப்புக்கொண்டவர் பின்வாங்கினால் அது ஒப்பந்தத்தை முறித்தல். "வாங்கித்தான் ஆக வேண்டும்" என்று காரை அவர் தலையில் கட்டக் கோர்ட் சாதாரணமாகச் சொல்லாது. ஆனால் நஷ்டத்தைக் கேட்கலாம். முன்பணம், பேச்சை உறுதிப்படுத்தக் கொடுத்த அச்சாரம் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அதை நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு மேலும் நஷ்டம் இருந்தால், முதலில் நோட்டீஸ் கொடுத்து, பிறகு வேறொருவருக்கு விற்று, விலையில் குறைந்துபோன தொகையை முதல் ஆளிடம் கோரலாம். நோட்டீஸ் கொடுக்காமல் விற்றால் அந்த உரிமை போய்விடும். வழக்குப் போட மூன்று ஆண்டு அவகாசம். பெண் என்பதால் சட்ட உதவி மையத்தில் உனக்கு வக்கீல் இலவசம். மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்த்துக்கொள்ளவும் முடியும்.

ஒன்று முக்கியம். காரைக் கொடுத்துவிட்டாயா? பெயர் மாற்றும் படிவங்களில் கையெழுத்துப் போட்டாயா? ஆர்.சி. புத்தகத்தில் உன் பெயர் இருக்கும்வரை, அந்தக் கார் யாரை இடித்தாலும் கோர்ட்டுக்கு வர வேண்டியவள் நீ.

வாங்குபவரின் பெயரையும் முகவரியையும் எழுத மறந்திருக்கிறாய். ஒப்பந்தத்தின் நகலோடு அனுப்பவும்.

வேறொரு செய்தி. தட்டாஞ்சாவடியிலிருந்து மூன்றாவது முறையாகப் பதிவுத் தபால் வந்தது. உன் அக்கா பெற்ற பிள்ளையின் கையெழுத்து. வழக்கம்போல் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிட்டேன். தன் கல்யாணத்தைப் பதிவு அலுவலக நோட்டீஸ் பலகையில் ஒட்டி, அதை அடுத்தவன் படித்து எனக்குச் சொல்லும்படி செய்தவனுக்கு, இப்போது மட்டும் கடிதம் எதற்கு? இதை அங்கே யாரிடமும் நீ பேச வேண்டியதில்லை.

இப்படிக்கு,
தனிஸ்லாஸ் //

---

20 ஜூலை

அருண் துரைக்கு உன் சித்தி எழுதுவது.

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். உன் பட்டறைக்கு வந்தால் பின்பக்கமாக ஓடுகிறாய். அதனால் டிபன் கேரியர் அடித்தட்டில் இந்தச் சீட்டு. மேல்தட்டில் வஞ்சிரம். முதலில் சீட்டைப் படி, அப்புறம் மீன்.

வாடகைக்கு ஓட்டுவேன், கலையரசியை உட்கார வைத்துக் கடற்கரை ரோட்டில் ஒரு சுற்று வருவேன் என்று சொல்லித்தானே காரைப் பேசினாய்? அக்கா பிள்ளை என்றுதான் மூன்று பேரைத் துரத்தினேன். நீயாக வந்தாய், நீயே பத்திரம் எழுதினாய், இப்போது நீயே காணோம்.

ஒரு வேடிக்கை கேள். உன்மேல் கேஸ் போட வழி உங்க அப்பாவிடமே கேட்டிருக்கிறேன். உன் பெயரைச் சொல்லவில்லை. அவர் மூன்று வழி எழுதி அனுப்பியிருக்கிறார். எந்த வழி உனக்குப் பிடிக்கும், சொல்.

விளையாட்டு போகட்டும் கண்ணு. ஏன் வேண்டாம் என்கிறாய்? எனக்குக் கடை போய்விடும்டா.

கேரியரைக் கழுவி அனுப்பு.
சித்தி

---

21 ஜூலை

சித்தி,

வணக்கம் எழுதக்கூட வெட்கமாக இருக்கிறது. உன்னைப் பார்த்தால் சொல்லிவிடுவேன் என்றுதான் ஓடினேன். பட்டறை பில்லின் பின்பக்கம் எழுதுகிறேன்.

அம்மா கல்லறைக்கு ஐந்து வருஷத் தவணை வருகிற ஆகஸ்ட் பதினைந்தோடு முடிகிறது. நிரந்தரமாக்கப் பணம் கட்டாவிட்டால் குழியைத் திறந்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம். அப்பா பெயருக்கு வந்த அறிவிப்பு, நாங்கள் முன்பு இங்கே இருந்த வாடகை வீட்டுக்குப் போய், வீட்டுக்காரர் என்னிடம் கொடுத்தார். மார்ச் மாசத்திலிருந்து அப்பாவுக்கு மூன்று தடவை பதிவுத் தபாலில் அனுப்பினேன். மூன்றும் "வாங்க மறுத்தார்" என்று திரும்பி வந்தது. நேரில் போனேன். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கதவைத் திறக்கவில்லை.

காருக்குச் சேர்த்ததில் முக்கால்வாசியை அங்கே கட்டிவிட்டேன். உன்னிடம் சொல்லியிருந்தால் நீ காரை விற்றுக் கட்டியிருப்பாய். அதனால் சொல்லவில்லை.

அட்வான்ஸை நீயே வைத்துக்கொள். அப்பாவிடம் மட்டும் கவருக்குள்ளே என்ன இருந்தது என்று சொல்லாதே. அம்மாவைக் காட்டி உள்ளே நுழையப் பார்க்கிறான் என்பார். அம்மாமேல் சத்தியம் செய்.

மீன் நன்றாக இருந்தது. கலையரசி உப்பு கம்மி என்றாள்.
அருண்

---

சேசு மரி சூசை

முதலியார்பேட்டை
5 ஆகஸ்ட் 2024

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

நாங்கள் நலம். அவர் காலை விளக்கு வெளிச்சத்தில்தான் துடைக்கிறேன், அவர் என்னமோ மகாராஜா மாதிரி நீட்டிக்கொண்டு உட்காருகிறார். நீங்கள் நேரத்துக்கு மாத்திரை போடுகிறீர்களா?

பதில் தாமதம். கைவேலை அதிகம். உண்மையைச் சொன்னால் கைக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஒரே நாளில் காரை மூன்று தடவை துடைத்தேன். "பெயிண்ட் போயிரும்டி, வுடு" என்கிறார் இவர். கோயிலுக்குப் போனால் பூசையில் மனசு நிற்கவில்லை. கல்லறைத் தோட்டத்துப் பக்கம் போய் அக்காவோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தேன்.

காரைக் கொடுக்கவில்லை, படிவத்திலும் கையெழுத்துப் போடவில்லை. அந்த அளவுக்கு உங்கள் மச்சினிக்குப் புத்தி உண்டு. ஒப்பந்த நகல் இதோடு இருக்கிறது. பெயர் இருக்கிற இடத்தில் படம் வைத்து ஜெராக்ஸ் எடுத்திருக்கிறேன். அந்த ஆளைப் பெயர் சொல்லிச் சந்தியில் நிறுத்த மனசு வரவில்லை. கெட்டவர் இல்லை மாமா. ஏதோ ஒரு கட்டாயம்.

கருவடிக்குப்பத்தில் நாகராஜ் என்று ஒருவர் ரெண்டு லட்சத்துப் பத்தாயிரத்துக்குக் கேட்கிறார். "ஒங்க கார் சுத்தமா கீதும்மா, அதான் சந்தேகமா கீது" என்று டயரை உதைத்துப் பார்க்கிறார். முப்பதாயிரம் குறைவு. முதல் ஆள் மனசு மாறுவாரோ என்று இழுத்தடிக்கிறேன்.

ஒரு சந்தேகம். நான் நோட்டீஸ் அனுப்பி, அதை அந்த ஆள் வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டால் என்ன ஆகும்? உள்ளே இருப்பதே தெரியாது என்று தப்பித்துக்கொள்ளலாமா? இதற்கு மட்டும் கொட்டை எழுத்தில் பதில் வேண்டும்.

அக்கா இருந்த வீட்டுக் கதவைத் தட்டுகிற உரிமையில்,
ஜூலி

---

காரைக்கால்
14 ஆகஸ்ட் 2024

ஜூலிக்கு,

நலம். மாத்திரை போடுகிறேன்.

நீ அனுப்பிய நகலில் வாங்குபவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் புனித அந்தோணியார் இருக்கிறார். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஆரோக்கிய மாதா இருக்கிறார். தொலைந்ததைத் தேடிக் கொடுப்பவரை வைத்தே ஆளைத் தொலைத்திருக்கிறாய். முப்பத்தைந்து ஆண்டுப் பணியில் இப்படி ஒரு ஆவணத்தைப் பார்த்ததில்லை.

உன் சந்தேகத்துக்குப் பதில், நீ கேட்டபடியே: சரியான முகவரிக்குப் போன பதிவுத் தபாலை வாங்க மறுத்தால், சட்டத்தின் பார்வையில் அது அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததாகத்தான் அர்த்தம். "பிரிக்கவில்லை, அதனால் எனக்குத் தெரியாது" என்று சொல்லும் உரிமை மறுத்தவருக்குக் கிடையாது. வாங்கிப் படித்தவரைப் போலவே அவரும் பொறுப்பாளி. இப்படி எத்தனையோ பேர் கூண்டில் நின்று விழித்ததைப் பார்த்திருக்கிறேன்.

நோட்டீஸ் வரைவு இத்துடன் உள்ளது. பெயருக்கான இடம் காலியாக இருக்கிறது. நீயே எழுதிக்கொள். பதினைந்து நாள் கெடு கொடுத்து, அதன் பிறகு நாகராஜுக்கு விற்கலாம். குறைவது முப்பதாயிரம். அச்சாரம் போக நஷ்டம் ஐயாயிரம்.

ஒப்பந்தம் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறது. காகிதத்தின் தலையில் சிறு சிலுவை. தொகையை எழுத்தில் எழுதி, முடிவில் இரண்டு சாய்வுக் கோடுகள். பின்னால் வேறொருவர் ஒரு சொல்லைக்கூடச் சேர்க்க முடியாதபடி கோர்ட்டில் நாங்கள் போடுகிற கோடு. இந்தக் காலத்தில் இதை யாரும் போடுவதில்லை.

எழுதியவர் யார்?

தனிஸ்லாஸ் //

---

முதலியார்பேட்டை
12 செப்டம்பர் 2024

மாமாவுக்கு,

சுகமா? நாங்கள் சுகம். இது என் மூன்றாவது கடிதம். ஆகஸ்ட் இருபதில் ஒன்று போட்டேன், மாதா பிறந்த நாளுக்கு வாழ்த்து அட்டை ஒன்று போட்டேன். ரெண்டுக்கும் பதில் இல்லை. உங்கள் பக்கத்து வீட்டுக்குப் போன் பண்ணினால் "அவரு நல்லாத்தான் இருக்காரு, ரெண்டு நாளைக்கு ஒருக்கா தபால்காரரைக் கூப்ட்டு வச்சி என்னமோ கேட்டுனு இருக்காரு" என்கிறார்கள்.

என்ன கேட்கிறீர்கள் அவரிடம்?

நோட்டீஸை நான் இன்னும் அனுப்பவில்லை. பைபிளுக்குள் வைத்திருக்கிறேன். தினமும் எடுத்துப் பார்க்கிறேன், காலி இடம் என்னை முறைக்கிறது. கண்ணகி நேற்று வேறு யாருக்கோ கடையைத் திறந்து காட்டினாள். "சும்மா காட்னேன்டி, ஒன்னுமில்ல" என்றாள். நாகராஜும் வேறு கார் பார்க்கிறாராம்.

ஒரு வரி எழுதுங்கள். சிவப்பு மையில் திட்டியாவது எழுதுங்கள்.
ஜூலி

---

சேசு மரி சூசை

முதலியார்பேட்டை
28 செப்டம்பர் 2024

அன்பு மாமாவுக்கு மச்சினி எழுதுவது. நலம், நலமறிய ஆவல், எல்லாம் வழக்கம்போல.

காரை நாகராஜுக்குக் கொடுத்துவிட்டேன். பணத்தை எண்ணி வாங்கி, ஆர்.டி.ஓ. ஆபீசில் பெயர் மாற்றக் கொடுத்து, சீட்டு வாங்கின பிறகுதான் சாவியைக் கொடுத்தேன். நீங்கள் சொன்ன முறைப்படிதான். கார் கிளம்பும்போது இவர் இடது காலால் தரையை மிதித்தார், கிளட்ச் மாதிரி. நான் பார்க்காத மாதிரி உள்ளே போய்விட்டேன். அட்வான்ஸைச் சேர்த்தும் கண்ணகிக்குக் கொடுக்க ஐயாயிரம் குறைந்ததால் பெரிய கிரைண்டரை விட்டுவிட்டு ரெண்டு சின்னதோடு கடையை எடுத்தேன். இரண்டு நாள் மிச்சம் இருந்தது கெடுவுக்கு.

அந்த முதல் ஆளுக்கு நோட்டீஸ் அனுப்பவில்லை. அனுப்ப மாட்டேன்.

ஆனால் நீங்கள் அவ்வளவு பாடுபட்டு எழுதின நோட்டீஸை வீணாக்கலாமா? அதைத் திருப்பி உங்களுக்கே அனுப்பியிருக்கிறேன். காலி இடத்தில் நானே பெயர் எழுதிவிட்டேன், பாருங்கள். கையெழுத்துக் கோணலாக இருக்கும், ஆனால் படிக்க முடியும். "தனிஸ்லாஸ், ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர், காரைக்கால்."

குற்றம்: உங்கள் விலாசத்துக்குச் சரியாக வந்த மூன்று பதிவுத் தபாலை வாங்க மறுத்தது. நீங்களே கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள், மறுத்தாலும் கைக்குப் போய்ச் சேர்ந்ததாகத்தான் அர்த்தம் என்று. ஆக, உள்ளே என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். சட்டப்படி மார்ச் மாசத்திலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டே சும்மா இருந்திருக்கிறீர்கள்.

என்னைக் கேட்காதீர்கள். அக்காமேல் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன், சொல்ல மாட்டேன். தெரிந்த விஷயத்தை எதற்கு இன்னொரு தடவை சொல்ல வேண்டும்?

பதினைந்து நாள் கெடு.

கோபம் பாதி, பாசம் மீதி,
ஜூலி

---

காரைக்கால்
7 அக்டோபர் 2024

ஜூலிக்கு,

நீ அனுப்பிய நோட்டீஸ் கிடைத்தது. மறுக்கவில்லை.

எழுதியவன் யார் என்பது எனக்கு ஆகஸ்ட் பதினான்காம் தேதியே தெரியும். அந்த இரண்டு கோடுகளை அவனுக்கு எட்டு வயதில் நான்தான் பழக்கினேன். கடைக்கு எழுதும் சீட்டில்கூடப் போடுவான். நீ பெயரைச் சொல்வாய் என்று நான் காத்திருந்தேன். பிறகு அவனே நான்காவது உறை அனுப்புவான் என்று காத்திருந்தேன். தபால்காரரிடம் கேட்டது அதைத்தான். வரவில்லை.

திருப்பிய உறைகள் அனுப்பியவரிடம்தான் போகும் என்று தபால்காரர் சொல்கிறார். எனக்கே தெரிந்த விதியை அவர் எனக்குச் சொல்கிறார்.

அந்த மூன்றையும் பிரிக்காமல் அப்படியே அனுப்பச் சொல். கெடு முடிவதற்குள் வேண்டும்.

தனிஸ்லாஸ்

---

11 அக்டோபர்

அருண் கண்ணு,

கேரியரில் இன்றைக்குச் சாம்பார்தான், கடை வேலையில் மீன் வாங்க நேரமில்லை. உங்க அப்பா மூன்று கவரையும் கேட்கிறார். பிரிக்காமல் வேண்டுமாம். நான் ஒன்றும் சொல்லவில்லை, சத்தியம் சத்தியமாகவே இருக்கிறது. ரோஷம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், இன்றைக்கே தபாலில் சேர்.

பதில் எழுதாதே. ரசீதை மட்டும் கேரியரில் போட்டு அனுப்பு.
சித்தி

---

காரைக்கால்
23 அக்டோபர் 2024

அன்புள்ள ஜூலிக்கும் ஆரோக்கியத்துக்கும் ஆசீர்.

கடை எப்படி நடக்கிறது? ஆரோக்கியம் கிரைண்டர் பக்கத்தில் வெறுங்காலோடு நிற்க வேண்டாம்.

உறைகள் வந்தன. முதல் உறையில் கல்லறை அலுவலக அறிவிப்பு. இரண்டாவதில் அதன் நகலும், "அப்பா, நாள் நெருங்குகிறது" என்று ஒரு வரியும். மூன்றாவதில் பணம் கட்டிய ரசீது மட்டும். வரி ஏதும் இல்லை. ரசீதில் தொகைக்குப் பக்கத்தில் அவனாகவே இரண்டு கோடு போட்டிருக்கிறான்.

ஐந்து ஆண்டுத் தவணை என்பது எனக்குத் தெரிந்த விஷயம். அடக்கம் செய்த அன்று கையெழுத்துப் போட்டவன் நான். மற்றவர் வழக்கின் தேதிகளையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தவன் இந்தத் தேதியை மறந்தேன்.

சட்டப்படி, நோட்டீஸ் கொடுக்காமல் விற்றதால் உனக்கு அந்த ஐயாயிரம் கிடைக்காது. முன்பே எழுதினேன், நீ கேட்கவில்லை. இருந்தாலும் இத்துடன் உன் பெயருக்கு ஐயாயிரத்துக்குக் காசோலை வைத்திருக்கிறேன். ஒப்பந்தத்தை முறித்தவன் என் வேலையைச் செய்யப் போய்த்தான் முறித்தான். அதனால் நஷ்டம் என் கணக்கு.

கல்லறைக்குக் கட்டிய முழுத் தொகைக்கும் அவன் பெயரில் ஒரு காசோலையை இன்று பதிவுத் தபாலில் தட்டாஞ்சாவடிக்கு அனுப்பியிருக்கிறேன். அவன் வாங்க மாட்டான் என்றுதான் நினைக்கிறேன். வாங்காவிட்டாலும் வாங்கியதாகத்தான் அர்த்தம் என்று சொல்லிவை.

நவம்பர் இரண்டாம் தேதி காலை பஸ்ஸில் வருகிறேன். யாரும் நிலையத்துக்கு வர வேண்டியதில்லை.

தனிஸ்லாஸ்

---

சேசு மரி சூசை

முதலியார்பேட்டை, புதுச்சேரி
4 நவம்பர் 2024

என் பிரியமான மாமாவுக்கு,

பஸ்ஸில் நல்லபடி போய்ச் சேர்ந்தீர்களா? இடுப்பு வலித்ததா? இங்கே இவர் கடையில் உட்கார்ந்து மாவு நிறுக்கிறார், சில்லறை கொடுக்கும்போது மட்டும் காது கேட்காத மாதிரி நடிக்கிறார். உங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

கல்லறைத் திருநாளில் அவ்வளவு கூட்டத்திலும் உங்கள் கறுப்புக் குடையை வாசலிலேயே பார்த்துவிட்டேன். உள்ளே வந்தவர் நேரே அக்காவிடம் வராமல், நாலு வரிசை தள்ளி நின்று யார் யார் கல்லறையையோ படித்துக்கொண்டிருந்தீர்கள். அருண் அக்கா கல்லறைக்கு வெள்ளையடித்துவிட்டு, கையில் சுண்ணாம்போடு உங்களைப் பார்த்தபடி நின்றான். நீங்கள் வரவில்லை, அவனும் வரவில்லை. எனக்கு ரெண்டு பேரையும் காதைப் பிடித்து இழுத்து வரலாமா என்று கை துடித்தது.

அப்போதுதான் கலையரசி மல்லிகைப் பூவைக் கீழே வைத்துவிட்டு உங்களிடம் வந்தாள். "மாமா! வெயில்ல நிக்காதீங்க! இப்டி வாங்க!" மார்க்கெட்டில் மீன் விற்கிற குரல் அல்லவா, மொத்தக் கல்லறைத் தோட்டமும் திரும்பிப் பார்த்தது. பாதிரியார் ஜெபத்தை நிறுத்திவிட்டார். நீங்களும் திரும்பினீர்கள்! மூன்று வருஷத்தில் உங்கள் காதில் முதல் தடவையாக ஒரு குரல் விழுந்ததை நான் பார்த்தேன். மிஷினை இனி அலமாரிக்கே எழுதிவைத்துவிடுங்கள், மருமகள் போதும். அவள் உங்கள் குடையை வாங்கிப் பிடித்ததும் பின்னாலேயே வந்தீர்களே, அதைப் பார்த்து எனக்கு வந்தது சிரிப்பா என்னவென்று இன்னும் தெரியவில்லை.

ரெண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. மெழுகுவத்தி அட்டையைப் பிரித்து, பின்பக்கம் அருண் என்னமோ எழுதி உங்களிடம் நீட்டினான். நீங்கள் கண்ணாடியைத் தேடிப் போட்டுப் படித்தீர்கள். அவன் பேனாவையே வாங்கி அதற்குக் கீழே எழுதினீர்கள். ரொம்ப நேரம் எழுதினீர்கள். அவன் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அந்தக் காசோலை வந்ததா என்று கேட்டேன், "வந்துச்சி, வாங்கிக்கினேன் சித்தி" என்றான். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்று வரைக்கும் காட்ட மாட்டேன் என்கிறான். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, ராஜா மாதிரி சோறு போட்டும் பார்த்தேன், அசையவில்லை.

நீங்கள் எழுதும்போது பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன், மன்னியுங்கள். என் படிப்புக்கு உங்கள் வேகமான எழுத்து எட்டவில்லை. கடைசி வரி முடிந்த இடம் மட்டும்தான் நன்றாகத் தெரிந்தது.

மாமா, அங்கே அந்த ரெண்டு கோட்டைப் போட மறந்துவிட்டீர்கள். கீழே இன்னும் நிறைய இடம் இருந்தது. யாராவது மேலே எழுதிவிடப் போகிறார்கள்.

கிறிஸ்மஸுக்கு மாவு அரைத்து வைக்கிறேன், நாலு பேருக்கு இல்லை, ஐந்து பேருக்கு.

உங்கள் மச்சினி,
ஜூலி